தண்ணீர் ஊற்றும் முன் கேட்கும் கேள்வி: ஒரு கதாபாத்திர உருவாக்கத் திரையைக் கலைத்துக் கட்டிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு வீடியோ கேமின் முதல் இருபது நிமிடத்தைப் பற்றியது இந்தக் குறிப்பு. கோவையில் ஒரு மாடி அறையில் நான்கு பேர் அதைச் செய்துகொண்டிருக்கிறோம். ஒருவர் நிரல் எழுதுகிறார், ஒருவர் வரைகிறார், ஒருவர் பகுதிநேரமாக ஒலி பார்க்கிறார். கதையும் விளையாட்டு வடிவமைப்பும் என் பொறுப்பு. ஒரு கதாபாத்திரமாக மாறி, அதற்காக முடிவெடுத்து ஆடுகிற ஆர்.பி.ஜி. வகை.

கதை நடப்பது 1878இல், கொங்கு நாட்டில். தாது வருஷப் பஞ்சம் என்று வீட்டுப் பெரியவர்கள் வாயில் கேட்ட 1876–78 பஞ்சம் ஓய்ந்து, மழை இறங்கிய பிறகு. அந்த வருஷத்துக்குப் பஞ்சாங்கத்தில் பெயர் வெகுதானிய. தாராபுரம் பக்கமிருந்து ஒருவர் மூட்டையோடு மேற்கே நடக்கிறார். பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காட்டுக் கணவாய் வரை போகலாம். நடுவில் எந்த ஊரிலும் தங்கிவிடலாம். சண்டை மிகக் குறைவு. வண்டி, மாடு, சந்தை, கூலி, கடன், தண்ணீர், இவற்றைச் சமாளிப்பதுதான் ஆட்டம். போத்தனூர் வழியாக 1862இலேயே ரயில் வந்துவிட்டது, ஆனால் எங்கள் ஆளிடம் டிக்கெட்டுக்குக் காசில்லை. 1877இல் பஞ்ச நிவாரண வேலைக்கு அரசு குறைத்துக் கொடுத்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும். ஆட்டத்தின் விலைவாசி முழுவதையும் அந்தக் கூலியை அளவாக வைத்தே கட்டினோம்.

பஞ்சத்தை எடுத்துக்கொண்டதற்கு வடிவமைப்பு சார்ந்த காரணமும் உண்டு. இந்த வகை கேம்களில் முன்கதைச் சிக்கலைத் தவிர்க்க, நாயகன் எல்லாம் மறந்துபோய்க் கண்விழிப்பதாகத் தொடங்குவது பழைய வழி. 1999இல் பிளேன்ஸ்கேப் டார்மென்ட் அப்படித் தொடங்கியது, 2019இல் டிஸ்கோ எலிசியமும் அப்படித்தான். இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஆனாலும் பஞ்சத்தில் நடப்பவர் எதையும் மறந்தவர் அல்லர். எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டே விட்டு வந்தவர். அந்த ஆளைத்தான் ஆடுபவர் கையில் கொடுக்க விரும்பினோம்.

முதல் வடிவம்

முதலில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான். கேம் தொடங்கியதும் ஒரு திரை. பெயர், ஆணா பெண்ணா, எட்டு முகங்களில் ஒன்று, ‘பிறப்பு’ என்ற தலைப்பின் கீழ் ஏழு வாய்ப்புகள், கடைசியில் பங்கிட 24 புள்ளிகள். பண்ணையக்காரர், நெசவாளர், கொல்லர், ஆடு மேய்ப்பவர், உப்பு வணிகர், மாட்டுத் தரகர், கூலியாள் என்று அந்த ஏழும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி முன்கதை. வலு, நிதானம், வாக்கு, கண் என்று நான்கு குணங்கள். பிறப்பைப் பொறுத்து ஒன்று கூடும், ஒன்று குறையும்.

இந்த முறைக்கு நீண்ட பரம்பரை இருக்கிறது. 1974இல் வந்த, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பகடை உருட்டி ஆறு குணங்களுக்கு எண் போட்டார்கள். பிறகு பகடைக்குப் பதில் புள்ளியைப் பங்கிடும் முறை பரவியது. 2009இல் டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் ஆறு பிறப்புகளுக்கும் ஆறு தனித் தொடக்கக் கதைகள் வைத்தது. எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது. ஏழு தொடக்கம் எழுத ஆள்பலம் இல்லாததால் ஐந்து வரியோடு நிறுத்திக்கொண்டோம்.

ஒரு கட்டத்தில் கூட்டப் பெயர்களையும் சேர்க்கலாம் என்ற பேச்சு வந்தது. கொங்கில் கூட்டம் என்றால் குலப்பிரிவு. ‘மண்ணோட வாசம் வரும்’ என்று சொன்னவன் நான்தான். அதைச் செய்யவில்லை, ஆனால் அந்த யோசனை எழுந்த இடத்திலேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டது

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு பேரை அழைத்து ஆடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். எதையும் விளக்குவதில்லை, கேட்டாலும் ‘உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க’ என்று மட்டும் சொல்வது என்று முடிவு.

முதல் நாள் காங்கேயம் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் பிறப்புத் திரைக்கு வந்தார். ஏழையும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, மிக இயல்பாக என்னிடம் திரும்பி, “இதுல நம்மாளுங்க யாருங்கண்ணா?” என்று கேட்டார். சாதிப் பெயர் எதையும் நாங்கள் எழுதியிருக்கவில்லை. தொழில் பெயர்களைத்தான் எழுதியிருந்தோம். அவர் ஒரு பார்வையில் அதை மொழிபெயர்த்துக்கொண்டார். அறையில் இன்னும் மூன்று பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை.

இரண்டாம் ஞாயிறு திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண் ஒருவர் வந்தார். கேம் நிறைய ஆடுபவர். அதே திரையில் அவருடைய அம்புக்குறி ஏழின் மேலும் மெதுவாகப் போய் வந்தது. மறுபடியும் போய் வந்தது. நான்கு நிமிடம் ஆயிற்று. பிறகு, “இது கட்டாயம் சொல்லணுங்களா?” என்று கேட்டார். நான் விதிப்படி பதில் சொன்னேன். அவர் பண்ணையக்காரர் என்பதை அழுத்தி, பத்து நிமிடம் ஆடி, வேலை இருக்கிறது என்று எழுந்துகொண்டார்.

மறுநாள் அவரே போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. “ஸ்கூல்ல, ஹாஸ்டல்ல, வாடகைக்கு வூடு கேக்கப் போன எடத்துல எல்லாம் மொதல்ல இதத்தானுங்க கேப்பாங்க. ஞாயித்துக்கெழம கேம் ஆடலாம்னு வந்தா நீங்களும் அதத்தான் கேக்கறீங்க” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்.

மூன்றாம் ஞாயிறு வந்தவர்களில் சென்னிமலையில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர் இருந்தார். நெசவாளருக்கு வலுவில் இரண்டு குறைத்திருந்தோம். அவர் அந்த இரண்டைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். தரையில் குழி இருப்பதுபோல் காலைத் தொங்கவிட்டு, இடதும் வலதுமாக மிதித்துக் காட்டினார். வலது கை நாடாவை, அதாவது ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டையை, எறிந்தது, இடது கை பிடித்தது, பலகையை இழுத்து ஊடையை அடித்தது. “பொழுது விடிஞ்சதுலருந்து பொழுது எறங்கற வரைக்கும் எங்கப்புச்சி இப்படித்தானுங்க. அவருக்கு வலுவு கம்மின்னு எப்படிப் போட்டீங்க?” என்றார். எங்களிடம் பதில் இல்லை. நெசவு என்றால் ஒல்லியான உடம்பு என்று எங்கேயோ பார்த்த படத்திலிருந்து அந்த எண் வந்திருந்தது.

அன்று இரவு ஓவியர் எட்டு முகங்களையும் வரிசையாகச் சுவரில் ஒட்டிப் பார்த்தார். பண்ணையக்காரரிலிருந்து கூலியாள் வரை நிறம் படிப்படியாகக் கறுத்துக்கொண்டே போயிருந்தது. அவர் நினைத்துச் செய்ததல்ல. வெயிலில் நிற்பவருக்குக் கூடுதல் நிழல் என்று ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக வரைந்தபோது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் பட்டிருக்கிறது. வெகுநேரம் அந்தச் சுவரின் முன்னால் நின்றிருந்தார்.

வேறு சில குறைகளும் தெரிந்தன. ஐந்து வரி முன்கதையை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. அரைமணி கழித்து ‘உங்க அப்பா பேரச் சொன்னா கடன் குடுப்பாங்க’ என்று கதையில் வரும்போது, அப்பாவைப் பற்றி என்ன தேர்ந்தெடுத்தோம் என்பது அவர்களுக்கு நினைவில்லை. தமிழில் எழுதிய பொத்தான்கள் பெட்டியைத் தாண்டி வழிந்தன. நாங்கள் கேம் கட்டும் மென்பொருளான கோடாட்டின் 4ஆம் பதிப்புக்குப் பிறகு எழுத்துகள் உடையாமல் விழுந்தாலும், ‘மாட்டுத் தரகர்’ என்பது எப்போதும் நீளமான சொல்தான்.

எதிரெதிராக இரண்டு வாதங்கள்

பிறப்புத் திரையை எடுத்துவிடுவது என்பதில் மூன்று பேர் உடனே ஒத்துப்போனோம். நிரல் எழுதுபவர் ஒப்பவில்லை. அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. “1878ல கிணத்துக்குக் கிணறு பிரிவினை இருந்துச்சு. பஞ்சத்துல கஞ்சி ஊத்தற எடத்துல கூட இருந்துச்சு. நாம அதத் தொடச்சு எடுத்துட்டா, எல்லாரும் ஒண்ணா நடந்து போனாங்கன்னு ஒரு பொய்யச் சொல்றோம். அந்தப் பொய்யால யாருக்கு நிம்மதி? கேள்வி கேட்ட அந்தப் பொண்ணுக்கு இல்ல. நமக்குத்தான்.”

இரண்டு வாரம் இதிலேயே போயிற்று. கடைசியில் எனக்குத் தெளிவானது, திரை யாருடைய குரல் என்ற கேள்விதான். உலகத்துக்குள் ஒரு பாட்டி ‘நீ யார்?’ என்று கேட்டால் அது அவள் குரல். அவளைப் பிடிக்கவில்லை என்றால் ஆடுபவர் விலகிப் போகலாம், பொய் சொல்லலாம், கோபப்படலாம். கேம் தொடங்கும் முன் வரும் திரையில் அதே கேள்வி வந்தால் கேட்பது நாங்கள். பதிலுக்கு எண் போடுவதும் நாங்கள். நெசவாளருக்கு வலுவு குறைவு என்பது அந்த உலகத்தில் யாரோ ஒருவருடைய அபிப்பிராயமாக இருந்திருந்தால், அதைப் பொய்யாக்கிக் காட்ட ஆடுபவருக்கு வழி இருந்திருக்கும். நாங்கள் அதை விதியாகவே எழுதியிருந்தோம்.

ஆகவே, சாதி பார்க்கும் உலகம் அப்படியே இருக்கட்டும், கேம் பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். நிரல் எழுதுபவரும் இதற்குச் சம்மதித்தார்.

புதிய தொடக்கம்

இப்போது தொடக்கத்தில் பிறப்புத் திரை இல்லை. முகமும் நடையும் மட்டும் தேர்ந்தெடுக்கலாம். எல்லா நிறமும் எல்லா முகத்துக்கும் உண்டு, எந்தத் தொழிலோடும் ஒட்டவில்லை. அதன் பின் நேராக ரோடு.

முதல் நிறுத்தத்தில் ஒரு பாரவண்டி சாய்ந்து கிடக்கிறது. கடையாணி கழன்று சக்கரம் வெளியே வந்துவிட்டது. ஆடுபவர் எப்படி உதவுகிறார் என்பதைப் பொறுத்து அவருடைய கை எதில் பழகியது என்பதைக் கேம் கற்றுக்கொள்கிறது. மிரண்ட மாடுகளைப் பிடித்து அமர்த்தலாம், மரத்தைச் செதுக்கி ஆணி செய்யலாம், அறுந்த கயிற்றைப் பிரி போட்டு முறுக்கலாம், அல்லது வரும் இன்னொரு வண்டிக்காரரை நிறுத்திப் பேரம் பேசலாம். பேரத்தைத் தேர்ந்தெடுத்தால் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை சொல்லும் காட்சி வரும். மாட்டுச் சந்தையில் இன்றைக்கும் பார்க்கக் கூடியதுதான். இந்த வேலையை யாரிடம் கற்றார் என்று வண்டிக்காரர் கேட்பார். ‘அப்பன்கிட்ட’ என்பது பல பதில்களில் ஒன்று மட்டுமே.

இரண்டாவது, மூட்டை. ராத்திரி சாவடியில் படுக்கும் முன் மூட்டையை அவிழ்க்கும்போது ஏழு பொருள்களில் மூன்று இருக்கும், எந்த மூன்று என்பதை ஆடுபவர் சொல்வார். ஒரு உழக்கு, ஒரு கைப்பிடி விதைக் கம்பு, நெசவு நாடா, மாட்டுக் கழுத்து மணி, கடன் பத்திரம், ஒரு குழந்தையின் அரைஞாண், சாணைக் கல். எதற்கும் விளக்கம் கிடையாது. அரைஞாண் யாருடையது என்று கேம் சொல்வதே இல்லை.

மூன்றாவதுதான் கிணறு. காலையில் ஒரு வளவுக்கு வெளியே சேந்து கிணறு, பக்கத்தில் ஒரு பாட்டி. கொங்கில் வளவு என்றால் ஒரு சாதியார் சேர்ந்து வாழும் குடியிருப்பு. அவர் குடத்தைச் சாய்க்கிறார். ஆடுபவரின் இரண்டு கையும் குவிந்து திரையின் கீழே தெரிகிறது. தண்ணீர் விளிம்பு வரை வந்து நிற்கிறது. “எந்தூருங்க? எந்த வளவுங்க?” பதில் வரும்வரை தண்ணீர் விழாது.

நான்கு ஊர்ப் பதில்கள் உண்டு. பேசாமல் நிற்பது ஐந்தாவது. இங்கே எடுத்த முடிவுதான் எங்களுக்கு மிக முக்கியமானது: எந்தப் பதில் உண்மை என்பது நிரலில் எங்கும் எழுதப்படவில்லை. கதாபாத்திரத்துக்கு மறைவாக ஒரு ‘உண்மைப் பிறப்பு’ கிடையாது. யாரிடம், எந்த ஊரில், என்ன சொன்னார் என்பது மட்டும் பதிவாகிறது. இரண்டு ஊரில் இரண்டு விதமாகச் சொல்லியிருந்து, அந்த இரண்டு ஊர்க்காரரும் ஒரே சந்தைக்கு வந்தால் பேச்சு கிளம்பும். உண்மை எது என்று ஆடுபவருக்கு மட்டும் தெரியும். அவர் முடிவு செய்யாமலே விட்டாலும் கேம் கேட்காது.

கேள்வி கேட்டுப் பாத்திரம் உருவாக்குவது புதிதல்ல. 1985இல் அல்டிமா 4 குறி சொல்பவரின் தர்மசங்கடக் கேள்விகளாலேயே அதைச் செய்தது. 2008இன் மவுண்ட் அண்ட் பிளேடு அப்பா யார் என்பதிலிருந்து கேட்டுக்கொண்டு வரும். அவற்றில் பதில் கடைசியில் எண்ணாக மாறும். எங்கள் கிணற்றில் எந்தப் பதிலுக்கும் புள்ளி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

நீ, நீங்க, அங்கயே நில்லு

இதில் நாங்கள் எதிர்பாராத வேலை மொழியிலிருந்து வந்தது. பாட்டி முதலில் ‘ங்க’ போட்டுத்தான் கேட்பார். கொங்கில் முன்பின் தெரியாதவரிடம் பேச்சு அப்படித்தான் தொடங்கும். பதிலைக் கேட்ட பிறகு அது ‘வாங்க, உக்காருங்க’ என்று நீளலாம், ‘குடி கண்ணு’ என்று நெருங்கலாம், ‘அங்கயே நில்லு’ என்று அறுந்தும் போகலாம். சாதியின் பெயரைச் சொல்லாமலே ஒரு ‘ங்க’ காணாமல் போவதில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் ‘விளிநிலை’ என்று ஒரு மதிப்பை நிரலில் வைத்து, முக்கியமான வசனங்கள் எல்லாவற்றையும் மூன்று முறை எழுதினோம். எழுத்து வேலை பெருகியது. ஆனால் கேமில் நான் மிகவும் நம்பும் பகுதி இதுதான்.

இன்னொன்று சாதகமாக அமைந்தது. தமிழில் முன்னால் நிற்பவரிடம் பேசும்போது வினைச்சொல் ஆண் பெண் காட்டாது. ‘வந்தீங்களா’ எல்லோருக்கும் பொது. ஆகவே ஆணா பெண்ணா என்ற கேள்வியையும் தொடக்கத்தில் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. ஒருவர் தம்பி என்றோ அம்முணி என்றோ கூப்பிடும்போது ஆடுபவர் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். மூன்றாம் ஆளாகப் பேசும் இடங்களில், குறிப்பாகச் சந்தைப் பேச்சில், வந்தான், வந்தாள் வந்துவிடும். அங்கே ‘வந்தாருங்க’ என்று எழுதிச் சமாளித்தோம். சில இடத்தில் மரியாதை பொருந்தாமல் உறுத்துகிறது. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

தொடர்ந்து நடந்தது

பழைய பதினோரு பேரில் எட்டுப் பேர் மறுபடி வந்து ஆடினார்கள். இம்முறை முன்கதை நினைவிருந்தது. ஒருமணி நேரம் கழித்து மூட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது எட்டுப் பேரும் சரியாகச் சொன்னார்கள். சென்னிமலைக்காரர் நாடாவை எடுத்துக்கொண்டு, கடைசிவரை எந்த ஊரிலும் தறியில் உட்காரவில்லை. அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

தோற்ற பகுதி கடன் பத்திரம். யாரும் அதை எடுக்கவில்லை. வேண்டாத பொருளைத் தானாகச் சுமக்க ஒருவரும் விரும்பமாட்டார்கள் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். கடன் ஒருவர் எடுத்து வருவது அல்ல, பின்னால் தேடி வருவது. இப்போது அதை மூட்டையிலிருந்து எடுத்துவிட்டு, மூன்றாம் சந்தையில் ஒருவர் அடையாளம் கண்டு தோளைத் தொடுவதாக எழுதியிருக்கிறோம்.

கைப்பழக்கத்தை ஏழிலிருந்து நான்காகக் குறைத்தோம். கணவாய்க்கு முந்தைய ஒரு ஊர் முழுவதையும் விட்டுவிட்டோம். மூன்று விளிநிலைக்கும் எழுத நேரம் வேண்டியிருந்தது.

செக்கிங் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணும் வந்தார். கிணற்றில் அவர் பேசாமல் நின்றார். அந்தப் பதிலுக்கு நாங்கள் எழுதியிருந்தது இது: பாட்டி சற்று நேரம் பார்த்துவிட்டு, குடத்தை உயரத் தூக்கி, கையில் படாமல் ஊற்றுகிறார். தண்ணீர் பாதி கையில் விழுகிறது, பாதி மண்ணில். அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே போய் மாடிப்படியில் நின்றார். ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று போய்ச் சொன்னேன். வேண்டாம் என்று திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“இது பொய்யில்லீங்க. இப்படித்தான் ஊத்துவாங்கன்னு எங்க அமுச்சி சொல்லியிருக்காங்க” என்றார். பிறகு, “ஆனா குடிச்சே தீரணும்னு வெச்சிருக்கீங்களே. தண்ணி வேண்டாம்னு போறதுக்கு ஒரு வழி வையுங்க” என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு அது கண்ணில் பட்டது. ஐந்து பதில் வைத்திருந்தோம், ஐந்தும் அந்தக் குடத்தின் கீழேயே நின்றன.

அடுத்த முறை மாற்றிக்கொள்ளப்போவது

முகங்களையும் எண்களையும் வரைந்து முடித்த பிறகு ஆட்களைக் கூப்பிட்டது தவறு. வரையும் முன்பே, வெறும் தாளில் எழுதி வைத்துக் கேட்டிருந்தால் மூன்று மாத வேலை மிஞ்சியிருக்கும். அழைத்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் நால்வரின் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும். அந்த வட்டத்துக்கு வெளியே நாங்கள் தேடிப் போனது போதாது. வந்தவர்களுக்கு ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டும் என்பதையும் இரண்டாம் சுற்றில்தான் செய்தோம்.

இரண்டாம் சுற்றில் கிணற்றுக் காட்சியை முன்னறிவிப்பில்லாமல் வைத்தது இன்னொரு தவறு. இப்போது ஆட வருபவரிடம் இப்படி ஒரு காட்சி இருக்கிறது என்று முதலிலேயே சொல்கிறோம். கேம் தொடங்கும் இடத்திலும் இரண்டு வரி போட்டிருக்கிறோம்.

பார்வையாளராக உட்காரும்போது ‘உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க’ என்று சொல்லும் விதியையும் மாற்றிவிட்டோம். ஒருவர் ‘இது கட்டாயம் சொல்லணுங்களா’ என்று கேட்டால், ‘வேண்டாம்ங்க’ என்று சொல்வதுதான் சரி. அன்று நான் அதைச் சொல்லவில்லை.

அவர் கேட்ட வழியை எழுதி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. கிணற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தால் அமராவதி வருகிறது. ஆறு மணலாகக் கிடக்கிறது. உட்கார்ந்து கையால் தோண்ட வேண்டும். உழக்கு எடுத்து வந்தவருக்குக் கொஞ்சம் சுலபம். மணல் சரியும், மறுபடி அள்ள வேண்டும். முழங்கை ஆழம் போனதும் ஈரம், பிறகு கலங்கலாக ஊற்று. தெளியும்வரை காத்திருக்க வேண்டும். ஆட்டத்தில் அரை நாள் போய்விடும், அன்றைக்குச் சந்தையைப் பிடிக்க முடியாது. அங்கே ஊர்ப் பெயர் கேட்க ஒருவரும் இல்லை.